மூன்றடிக் கருங்கல் கணவர்

என் மனைவி என்னை ரவாங்கில் ஒரு கடையில் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி கொடுத்து வாங்கினாள் என்று அரசாங்கக் கோப்பு ஒன்றில் எழுதியிருக்கிறது. ரசீதும் இணைக்கப்பட்டிருக்கிறது. வாங்கிய ஒன்பதாம் மாதம் என் வலது கை கழன்று விழுந்ததாகவும், மீசையில் சாயம் போய்விட்டதாகவும், எனக்குப் பதிலாக வேறொருவரைத் தர வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறாள். கையெழுத்து அவளுடையது. எழுதியவன் நான்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் தேவன். நாங்கள் இருப்பது பத்தாங் பெர்ஜுந்தையில், ஒரு தாமான் குடியிருப்பில். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி வருஷக்கணக்காகிறது, ஆனாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். பிரேமலா இங்கேயே கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதையே பார்த்துப் பார்த்து, வீட்டிலும் எதைக் கண்டாலும் ஓட்டை எங்கே என்றுதான் அவள் கண் தேடும். என்னிடம் நிறையவே அகப்பட்டிருக்கிறது.

போன வருஷம் பிப்ரவரியில் வீட்டு வாசலில் முனீஸ்வரன் வைக்க ஆசைப்பட்டாள். ரவாங் பக்கம் சிலைக் கடை வைத்திருக்கும் இராமையாவிடம் போனோம். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையத் தேவாரம், அப்படிப்பட்ட ஆள். அசல் கருங்கல், தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தது, மூன்றடி உயரம் என்றார். ரசீதிலும் மலாயில் கருங்கல் என்றே எழுதிக் கொடுத்தார். நான்கு பேர் லோரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் முக்கியதும் முனகியதும், நடுவில் ஒருமுறை கீழே வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டதும் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அந்த நடிப்புக்கு மட்டும் தனியாகக் காசு வாங்கியிருக்கலாம்.

அன்றிலிருந்து பிரேமலா ஒரு குறையும் வைக்கவில்லை. தினமும் விளக்கு, வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழ மாலை, சுருட்டு, ஒரு போத்தல் பீர். எனக்கு மாதம் ஒரு போத்தலுக்கே கணக்குக் கேட்பவள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆற்றில் தண்ணீர் ஏறித் தாமானுக்குள் வந்தது. அந்த வெள்ளத்தில் நான் என்ன செய்தேன் என்பதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டில் இருக்கும் கடை வரிசைக்குப் போனேன். புது மோட்டார். பத்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். அதற்குள் சாலை மூழ்கிவிட்டது. மறுநாள் காலை வரை கடையின் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்ய முடியும்? பிரேமலா தனியாகச் சமையல் கேஸ் தோம்பு, அரிசி மூட்டை, வெளியூரில் படிக்கும் எங்கள் பிள்ளையின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அலமாரி மேல் ஏற்றிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து பக்கத்து வீட்டு வள்ளியம்மாவின் மாடிக்குப் போயிருக்கிறாள். மோட்டாருக்கு ஒரு கீறல் விழவில்லை என்று மறுநாள் நான் சொன்னபோது அவள் கூடத்துச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாடியிலிருந்துதான் இருவரும் பார்த்திருக்கிறார்கள். முனீஸ்வரன் பீடத்தை விட்டு மெல்ல எழும்பினார். ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்ப்பவர் போலச் சுற்றினார். பிறகு அரிவாளும் கையுமாக கேட்டைத் தாண்டி, நான்கு வீடு கடந்து போய், பூப்பந்துத் திடலின் வேலியில் சிக்கி நின்றார். வள்ளியம்மா கையெடுத்துக் கும்பிட்டு அழுதே விட்டாராம்.

எங்கள் தாமானில் வள்ளியம்மா சொல்வதுதான் சாஸ்திரம். மாரியம்மன் கோயில் மாதர் குழுவுக்கு அவர்தான் தலைவி. எந்தக் கிழமையில் யார் தலை குளிக்க வேண்டும் என்பது வரைக்கும் அவரிடம் விவரம் இருக்கும். வெள்ளம் வடிந்ததும் அவரும் எங்கள் வீட்டில் இருக்கும்போதுதான் பிரேமலா இராமையாவுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதுதான் தப்பு.

"கருங்கல்லு மெதக்காதும்மா" என்றார் இராமையா. "மெதந்துச்சுன்னா சாமி தானா கெளம்பியிருக்குன்னு அர்த்தம். வீட்டுல சுத்தம் பத்தாம இருந்திருக்கும். அதுக்கு நான் என்னா பண்ண முடியும்?"

பிரேமலா போனை அணைத்தாள். வள்ளியம்மா எங்கள் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, குடிக்காத காப்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் தாமான் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாமியே தங்காத வீடு. யாரும் நேரில் சொல்லவில்லை, அதுதான் மோசம். ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பவள் பிரேமலா. பதினோரு வருஷமாக அந்த அண்டாவை வேறு ஒருத்தர் தொட்டதில்லை. திருவிழாக் கூட்டத்தில் வள்ளியம்மா மிக அன்பாக, இந்த வருஷம் ஓய்வெடுத்துக்கோம்மா, வெங்காயம் உரிக்கிறவங்களோட உட்காரு என்றிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகை எனக்குப் புதிது. வெள்ளத்தில் பாதிச் சாமான் போனபோதுகூட அழாதவள்.

அழுது முடித்ததும் சோதனையில் இறங்கினாள். திடல் வேலியில் இடித்ததில் சாமியின் வலது கை மணிக்கட்டோடு கழன்றிருந்தது. அதை வாளித் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. அமுக்கினாள். மறுபடியும் எழும்பியது. உடைந்த இடத்தை விரலால் தடவி முகர்ந்து பார்த்து, "ஃபைபர்" என்றாள். அந்தத் தொனி எனக்குத் தெரியும். பத்தாயிரம் கையுறையைத் திருப்பி அனுப்பும்போது அப்படித்தான் சொல்வாளாம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுவோம் என்றாள். கடைக்காரன் ஏமாற்றினால் அங்கே புகார் செய்யலாம், ஐந்து வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் வைக்கவே கூடாது, நாமே போய்ப் பேச வேண்டும் என்று தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இஷ்டமில்லை. சாமி விஷயம், எதற்கு அரசாங்கம் வரைக்கும் போக வேண்டும் என்றேன். பணம் போனால் போகிறது என்றேன்.

"எனக்குக் காசு வேணாங்க. அது கல்லு இல்லன்னு ஒரு கடுதாசி வேணும். சாப் அடிச்ச கடுதாசி" என்றாள்.

சாப் என்றால் முத்திரை. வள்ளியம்மாவின் வாய்க்கு எதிராக அரசாங்க முத்திரை ஒன்றுதான் எடுபடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சரி, படிவத்தை நான் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு மலாய் நன்றாக வரும். பள்ளிச் சோதனையில் சிறப்புத் தேர்ச்சி. இதை இருபத்தேழு வருஷமாக வீட்டில் சொல்லிவருகிறேன்.

உட்கார்ந்ததும் முதல் வரியிலேயே சண்டை. சிலைக்கு மலாயில் 'பாத்துங்' என்பார்கள். பொம்மைக்கும் அதே வார்த்தைதான். நான் பாத்துங் என்று போட்டதைப் பார்த்துவிட்டு, முனியாண்டியைப் போய் பொம்மை என்று எழுதுவதா, ஏற்கனவே அவர் என்ன கோபத்தில் இருக்கிறாரோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமி என்றே எழுதச் சொன்னாள். கோயிலைத் தாண்டிப் போகிற மலாய்க்காரர்களுக்கும் சாமி என்றால் புரியும் என்று நானும் விட்டுவிட்டேன். தொலைக்காட்சியில் பூப்பந்து இறுதியாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கண் அதிலும் ஒரு கண் கைப்பேசியிலுமாக, சாமி, சாமி, சாமி என்று பதினான்கு இடத்தில் அடித்து அனுப்பிவிட்டேன்.

அந்தக் கைப்பேசிக்கும் மலாய் நன்றாக வரும் போலிருக்கிறது. சாமி என்று நான் அடித்த ஒவ்வோர் இடத்திலும் நடுவில் 'u' என்று ஒரு எழுத்தைச் சேர்த்துத் திருத்திவிட்டது. சுவாமி. மலாயில் சுவாமி என்றால் கணவன். நாம் கடவுளைச் சொல்கிற சொல்லை அவர்கள் கணவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மரியாதை நம் வீடுகளில் நடைமுறைக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பாய அலுவலகத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண் பிரேமலாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஆனால் பிரேமலா பேசியது மட்டும்தான் கேட்டது. ஆமாம் புவான், ரவாங்கில்தான் வாங்கினேன் என்றாள், புவான் என்றால் அம்மணி. ஆமாம், ரசீது இருக்கிறது. இப்போது வாசலில்தான் இருக்கிறார், மழைக்குப் பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கை உறைபனிப் பெட்டி மேலே இருக்கிறது. அந்தப் பெண் ஒவ்வொன்றையும் மறுபடி மறுபடி கேட்டாராம். பிறகு மிக மெதுவான குரலில், புவானுக்கு யாராவது துணைக்கு இருக்கிறார்களா என்று கேட்டாராம். புருஷன் இருக்கிறார், ஆனால் அவரால் ஒரு உபயோகமும் இல்லை என்று இவள் சொல்ல, அந்தப் பெண் விசாரணைத் தேதியைக் கொடுத்து, முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள் என்றிருக்கிறார். சாமியை ஆதாரமாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

விசாரணை கோலசிலாங்கூரில், திருவிழாவுக்குச் சரியாகப் பதினெட்டு நாள் முன்பு. தள்ளிப்போனால் இன்னொரு தேதி கிடைக்க இரண்டு மாதமாகும். அதற்குள் வேறு யாரோ பொங்கல் வைத்து முடித்திருப்பார்கள். ஒருமுறை கைமாறிய அண்டா திரும்பி வராது என்று பிரேமலா போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். என் மச்சானின் வேனை வாங்கியிருந்தோம். சாமியைப் பின்னால் படுக்க வைக்கக் கூடாது என்று முன் ஸீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டாள். கழன்ற கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் இருந்தாள். ஈஜோக் சாலைப் போக்குவரத்து விளக்கில் நின்றபோது பக்கத்துக் காரில் இருந்த சீனர் முனீஸ்வரனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இரண்டாம் மாடியில் ஒரு சாதாரண அறை. நீதிமன்றம் மாதிரிக் கூண்டெல்லாம் இல்லை. நீளமான மேசை, அதன் ஒரு முனையில் தீர்ப்பாயத் தலைவர். ஐம்பது வயதிருக்கும் மலாய்ப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியைத் தலைத்துணிமேல் ஏற்றி வைத்திருந்தார். மொழிபெயர்க்க ஷாமளா என்று நம்ம பிள்ளை ஒன்று, அங்கே குமாஸ்தா வேலையும் அதுதான் பார்க்கிறது. நான் சாமியை ஒரே கையில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அப்போதே வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் என் வலது கை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இராமையா வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் படிவத்தின் நகல். அவர் ஒரு வாரமாக அதைப் படித்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. தலைவர் தொடங்குவதற்குள் எழுந்து, மலாயில் என்னைவிட நன்றாகவே பேசினார். இந்தத் தீர்ப்பாயம் பொருளுக்கும் சேவைக்கும்தான், கணவன் பொருள் அல்ல, நான் கணவர்கள் விற்பதும் இல்லை, ஆகவே இந்தக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பிரேமலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஷாமளா வாயைக் கையால் மூடிக்கொண்டே அவளுக்குச் சொன்னது. அப்போதுதான் கைப்பேசி செய்த வேலை எனக்கும் புரிந்தது.

தலைவர் சிரிக்கவில்லை. படிவத்தில் இருப்பதைத்தான் தாம் விசாரிக்க முடியும், எழுதியது வேறு, சொல்வது வேறு என்றால் திருத்தி மறுபடி தாக்கல் செய்யுங்கள், வேறு தேதி தருகிறேன் என்றார். இதை யார் எழுதியது என்றும் கேட்டார். பிரேமலா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தானே எழுதியதாக அவள் சொல்லிவிட்டாள். தனக்கு மலாய் அவ்வளவாக வராது, மன்னிக்க வேண்டும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். எழுத்துக்கூட்டித் தெருப்பெயர் படிக்கிறவள் அவள். என் மானத்தைக் காப்பாற்ற அவளுக்கு என்ன அவசரம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு வெட்கமாகிவிட்டது. தேதி தள்ளிப்போனாலும் போகட்டும் என்று அந்த அண்டாவைத் தூக்கி என் காலடியில் வைத்த மாதிரி இருந்தது.

நான் எழுந்தேன். எழுதியது நான், திருத்தியது கைப்பேசி, சரிபார்க்காதது மறுபடியும் நான் என்றேன். சாமி என்றுதான் அடித்தேன், ஒரே ஒரு வார்த்தைதான் பிழை, இன்றைக்கே விசாரிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் என் மனைவி தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்றேன். என் மலாய் அன்றைக்குக் கொஞ்சம் திக்கியது.

தலைவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். ஒரே வார்த்தைதான் பிழை என்றால் உரக்கப் படியுங்கள், ஒவ்வோர் இடத்திலும் அது கணவனா சாமியா என்று சொல்லுங்கள், பொருந்தினால் இங்கேயே திருத்த அனுமதிக்கிறேன் என்றார்.

அதைவிட என்னை வெள்ளத்தில் விட்டிருக்கலாம். படித்தேன்.

"பிப்ரவரி மாதம் என் கணவரை ரவாங்கில் வாங்கினேன்." சாமி, புவான். "கருங்கல்லால் ஆனவர் என்று சொன்னார்கள். நான்கு பேர் தூக்கி வந்து வாசலில் உட்கார வைத்தார்கள்." சாமி. "வெள்ளிக்கிழமைதோறும் கணவருக்குச் சுருட்டும் பீரும் வைத்து, எலுமிச்சம்பழ மாலை போட்டேன்." சாமிதான், புவான், எனக்கு யார் மாலை போடுகிறார்கள். கதவருகே நின்ற பாதுகாவலர் வெளியே போய் இருமிவிட்டு வந்தார். "பார்க்க பலசாலிபோல் இருந்தாலும் கணவர் உள்ளே காலி." தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சாமி என்றேன். "வெள்ளம் வந்தபோது வீட்டை விட்டு முதலில் போனவர் என் கணவர்தான்."

அங்கே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. இதுவும் சாமிதானா என்று தலைவர் கேட்டார். பிரேமலா துண்டில் சுற்றிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி, புவான் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். "ஆகவே அதே அளவில், மூன்றடியில், அசல் கருங்கல்லால் ஆன புதுக் கணவர் வேண்டும்." அதோடு முடிந்தது.

திருத்த அனுமதித்தார். இராமையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. கல்தான் கொடுத்தேன், அருள் இருந்தால் கல்லும் மிதக்கும், போய்விட வேண்டும் என்று சாமி முடிவு செய்தால் எடை ஒரு பொருட்டா, அந்த வீட்டில் என்ன குறையோ என்று ஆரம்பித்தார். ஷாமளா அதை அப்படியே மலாயில் சொன்னது. பிரேமலா எழுந்தாள். கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்றுதான் கேட்டாள்.

பாதுகாவலர் கழிவறையிலிருந்து துடைப்ப வாளியைக் கழுவி நிரப்பிக் கொண்டுவந்தார். அதில் வைக்க மாட்டேன் என்றாள் பிரேமலா. தேடிப் பிடித்துத் தேநீர் அறையிலிருந்து ஒரு புதுப் பிளாஸ்டிக் தொட்டி வந்தது. கையைக் கும்பிட்டுவிட்டுத் தண்ணீரில் விட்டாள். மிதந்தது. அமுக்கினாள். எழும்பியது. மூன்றுமுறை செய்தாள், அவள் தொழிற்சாலையில் மூன்றுமுறைதான் கணக்கு. பிறகு உடைந்த பக்கத்தைத் தலைவருக்குக் காட்டி, உள்ளே தெரிந்த நாரை நகத்தால் உரித்து மேசைமேல் வைத்தாள்.

அருள், என்றார் இராமையா, ஆனால் சத்தம் குறைந்துவிட்டது.

தலைவர் சொன்னதை ஷாமளா தமிழில் சொன்னது: "அருள பத்தி இந்தச் சட்டத்துல ஒண்ணும் இல்ல. ரசீதுல கருங்கல்லுன்னு இருக்கு. உங்க கடையில வேற கருங்கல்லு சாமி இருந்தா, அதோட ஒரு கைய கொண்டு வாங்க. அருளால மெதக்குதான்னு பாக்கலாம்."

இராமையா தொட்டியைத் தன் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தார். அந்த மாதம் கப்பல் வரவில்லை, வாடிக்கையாளர் காத்திருந்தார், ஃபைபரில் செய்ததுதான் கடையில் இருந்தது என்றார். தூக்க இரண்டு பேர் போதும், நான்கு பேரை அனுப்பியது ஒரு மரியாதைக்கு என்றார்.

பதினான்கு நாளுக்குள் அசல் கருங்கல் சிலை அல்லது முழுப்பணம் என்று தீர்ப்பானது. பிரேமலா பணமே போதும் என்றாள், அந்தக் கடைக் கல்லை இனி வீட்டில் ஏற்ற மாட்டாளாம். எல்லோரும் எழுந்திருக்கும்போது ஷாமளாவின் காதில் ஏதோ சொன்னாள். ஷாமளா தயங்கித் தயங்கித் தலைவரிடம் சொன்னது. தலைவர் பேனாவை மறுபடி எடுத்தார். சாமி தங்காத வீடு என்றால் என்ன என்று ஷாமளாவிடம் விவரம் கேட்டார். பிறகு தீர்ப்பில் இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்தார். "இப்பொருள் உள்ளீடற்ற கண்ணாடி இழையால் ஆனதால்தான் வெள்ளத்தில் மிதந்தது, வேறு எந்தக் காரணமும் இல்லை." அதன் பக்கத்தில் முத்திரை விழுந்தது. அந்த டப்பென்ற சத்தத்துக்கு பிரேமலாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். மூன்று மாதமாக அவள் தோளை அப்படித் தூக்கி வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தாழ்வாரத்திலேயே அதைப் படம் பிடித்து மாதர் குழுவுக்கு அனுப்பினாள். பத்து நிமிஷம் பதில் இல்லை. வள்ளியம்மாவின் மகன் மொழிபெயர்த்துச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகியிருக்கும். பிறகு வள்ளியம்மாவின் குரல் பதிவு வந்தது. மன்னிப்பெல்லாம் இல்லை.

"பிரேமா, இந்த வருஷம் கூட்டம் கூட வரும்போல. வெல்லம் எத்தன கிலோ சொல்லட்டும்லா?"

அவள் அதை நான்குமுறை போட்டுக் கேட்டாள். நான்காவது முறை நானும் குனிந்து சேர்ந்து கேட்டேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

கிளம்பலாம் என்று நான் சாமியை இடுக்கியபோது ஷாமளா கோப்போடு ஓடி வந்தது. திருத்தம் பாக்கி இருக்கிறது. எழுதியவர் ஒவ்வொரு சுவாமியையும் கோடு போட்டு அடித்து, மேலே சாமி என்று எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட வேண்டும், பிறகு கோரிக்கையாளரும் போட வேண்டும், அதன்பிறகுதான் கோப்பை மூடலாம்.

தாழ்வார மேசையில் நான் உட்கார, பிரேமலா பக்கத்தில் நின்றாள். சிவப்புப் பேனா. ரவாங்கில் வாங்கியது, சாமி. வாசலில் உட்கார வைத்தது, சாமி. சுருட்டு, பீர், மாலை, சாமி, சாமி, சாமி. அடித்து அடித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். உள்ளே காலி என்பதைக் கொஞ்சம் அழுத்தமாகவே அடித்தேன். அடுத்த வரிக்குப் பேனா போனபோது காகிதத்தில் அவள் விரல் வந்து விழுந்தது.

"இது இருக்கட்டுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வேலையில் பேசுகிற குரலில் சொன்னாள்.

வெள்ளம் வந்தபோது வீட்டை விட்டு முதலில் போனவர்.

வாக்குவாதம் செய்ய வாயைத் திறந்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பத்தான் போனேன், சாலை மூழ்கிவிட்டது, மோட்டார் புதுசு. மூன்று மாதமாக என்னிடமே நான் சொல்லிவந்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. அலமாரி மேல் கேஸ் தோம்பை அவள் எப்படித் தனியாக ஏற்றியிருப்பாள் என்று அன்றுவரை நான் கேட்டதே இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், இந்த ஒரு வரியை மட்டும் எப்போதோ படித்து வைத்திருக்கிறாள்.

"அங்கிள், ஒரு எடம் விட்டுப்போச்சு" என்றது ஷாமளா, குனிந்து பார்த்து.

"இல்லம்மா. அது கரெக்டாத்தான் இருக்கு" என்றேன்.

அந்த வரியை அடிக்காமல், பக்கத்தில் என் கையெழுத்தை முழுசாகப் போட்டேன். பேனாவை பிரேமலாவிடம் நீட்டினேன். அவள் வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினாள்.